விளக்குக்குப் பிடித்த கலவை

வீட்டில் ஒருத்தியைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால், அவளுக்கு நாற்பது வயதானாலும் அந்தப் பெயர் போகாது. இந்தப் பாப்பாவுக்கும் போகவில்லை. காதோரம் நரை, மூக்கில் கனத்த கண்ணாடி, விரல் நகங்களில் எந்த சோப்புக்கும் மசியாத சாயக்கறை. ஆய்வுக்கூடத்தில் அவள் கலந்து பார்க்காத பொருள் கிடையாது. ஆனாலும் அவள் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அந்தக் கூடத்துக்குத் தலைவரும் அவர்தான்.

கண்ணுகளா, இது கொஞ்சம் கசப்பான கதை. இதில் யாரும் யாரையும் அடிப்பதில்லை, சாபம் விடுவதில்லை. வாயை மூடிக்கொண்டே ஒருவரைக் கவிழ்க்க முடியும் என்பதைச் சொல்லும் கதை. முதலில் அங்கே என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், பாடம் எடுக்கப்போவதில்லை.

வெயிலை மின்சாரமாக்கும் மெல்லிய ஏடு செய்யும் கூடம் அது. கூரைகளில் பார்த்திருப்பீர்களே, கருநீலத்தில் கனமான பலகைகள், அவை அல்ல. இது சாயம் போலக் கரைத்து, ஒரு சின்னக் கண்ணாடி வில்லையின் மேல் ஒரு சொட்டு விட்டு, வில்லையைக் கிறுகிறுவென்று சுழற்றினால் படிகிற ஆடை. சோப்புக் குமிழியின் தோல் மாதிரி அவ்வளவு மெல்லிசு. அதில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் ஒன்று மின்துகளை விட்டுக்கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும். கூடத்தில் அவற்றுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று பெயர். இரண்டு வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். தள்ளிப் போனால் துகள் போய்ச் சேராமல் நடுவழியிலேயே மடிந்துபோகும். ஒரேயடியாகக் குழைந்து போனாலும் வெளியே வர வழி தெரியாமல் திண்டாடும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டும் ஒரே நிற வெளிச்சத்துக்குப் போட்டி போடக்கூடாது. ஒன்று பச்சையைச் சாப்பிட்டால் மற்றது சிவப்பைச் சாப்பிட வேண்டும். அப்போதுதான் சூரியன் பரிமாறுவது எதுவும் வீணாகாது. இந்தப் பொருத்தம் பார்ப்பதில் பாப்பாவை அடித்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. வில்லைகளை அறுத்துக் கொடுக்கும் கண்ணாடிக்காரர் அவளைத் "தரகரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

அவள் சேர்த்த ஜோடிகள் எல்லாம் அண்ணன் பெயரில்தான் வெளியே போயின. ஒருமுறை அவள் கேட்டும் பார்த்தாள்.

"என் பேரையும் ஒரு ஓரமாப் போடலாமேண்ணா?"

"ஒரே வீட்டு ஆளுங்க, யார் பேர் போட்டா என்ன பாப்பா? எனக்கு வந்தா உனக்கு வந்த மாதிரிதானே?"

அவருக்கு வந்தது. அவளுக்கு வந்த மாதிரி இல்லை.

அதற்குப் பிறகு அவள் ஊதாக் கலவையை எடுத்தாள். இதை மட்டும் யாரிடமும் காட்டாமல் வருஷக்கணக்கில் செய்தாள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அத்தனையையும், நீலத்திலிருந்து சிவப்பின் ஓரம் வரை, மிச்சம் வைக்காமல் விழுங்குகிற கலவை. வில்லையில் படிந்ததும் பழுத்த திராட்சைத் தோல் மாதிரி ஒரு நிறம். பிறந்த வீட்டுப் பொருளை அவளே வாரக்கணக்கில் காய்ச்சி எடுத்தாள். கடைசியில் ஒரு சின்னக் குப்பி அளவுதான் தேறியது. எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அளந்து பார்க்க வில்லைகளை விளக்கறைக்கு அனுப்பினாள்.

விளக்கறை அண்ணியின் பொறுப்பு. அண்ணனின் மனைவி. அங்கே ஒரு பெட்டிக்குள் பெரிய விளக்கு இருக்கும். அதுதான் அவர்களுக்குச் சூரியன். மழை பெய்தாலும் மேகம் கட்டினாலும் அது ஒரே மாதிரி எரிய வேண்டும். அதற்காக அண்ணி வாராவாரம் வெளிச்சத்தை அளந்து காட்டும் ஓர் அளவுச்சில்லை விளக்கின் அடியில் வைத்து, சில்லு "ஒரு சூரியன்" என்று காட்டும் வரை விளக்கைக் கூட்டிக் குறைப்பாள். பொறுமைசாலி. கை நடுங்காது. சொல்லிக்கொடுத்ததை ஒரு மயிரிழை பிசகாமல் செய்வாள். சொல்லிக்கொடுத்தவர் அவள் புருஷன்.

ஊதாக் கலவைக்கு வந்த எண் படுமோசம்.

எல்லாரும் கூடியிருந்த கூட்டத்தில் அண்ணன் வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கலர் என்னவோ நல்லாத்தான் இருக்கு. சுவத்துக்கு அடிக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர்கூடச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் பாப்பா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? கொஞ்ச நாள் வில்லை கழுவு. கை சும்மா இருந்தா மனசு கண்டதையும் நினைக்கும்."

அவள் வில்லை கழுவினாள். கழுவிய வில்லைகளைக் காயவைக்க மொட்டைமாடிக்குப் போவாள். ஒருநாள் சட்டைப்பையில் ஓர் ஊதா வில்லை இருந்தது. கையளவு மீட்டர் ஒன்றும், பழைய அளவுச்சில்லு ஒன்றும் எடுத்துப் போனாள். வெயில் சரியாக இல்லை, மேகம் வந்து வந்து போனது. திருத்தமாக அளக்க வழியில்லை. ஆனால் சில்லையும் வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லு காட்டிய வெளிச்சத்துக்கு, விளக்கறையில் இருந்ததைவிட இங்கே ஊதா கூடுதலாகக் கொடுத்தது. எவ்வளவு கூடுதல் என்று தெரியவில்லை. கூடுதல், அவ்வளவுதான் தெரிந்தது.

நேரே விளக்கறைக்கு வந்தாள். அண்ணி சாப்பிடப் போயிருந்தாள். அளவுச்சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதன் தலையில் இருக்க வேண்டிய பச்சைக் கண்ணாடி மூடியைக் காணோம்.

அந்த மூடி எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அளவுச்சில்லு பெருந்தீனிக்காரன். கண்ணுக்குத் தெரியாத, அகச்சிவப்பு என்பார்களே, அந்த அடிச்சிவப்பு வெளிச்சத்தையும் சேர்த்துச் சாப்பிடுவான். இந்த மாதிரி விளக்கோ சூரியனைவிட அடிச்சிவப்பை அள்ளி அள்ளிப் போடும். மூடி இல்லாத சில்லு அதைத் தின்றே வயிறு நிறைந்து "போதும், ஒரு சூரியன் ஆச்சு" என்று சொல்லிவிடும். அண்ணி அத்தோடு நிறுத்திவிடுவாள். உண்மையில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் பந்திக்குப் போதாமல் குறைந்திருக்கும். அதை மட்டுமே சாப்பிடத் தெரிந்த ஊதா பட்டினி கிடந்தது. பட்டினி போட்டுவிட்டு நோஞ்சான் என்று பெயரும் வைத்தார்கள்.

கூடம் இடம் மாறியபோது மூடி விரிசல் விட்டது, அண்ணன் அதைக் குப்பையில் போட்டுவிட்டார் என்று கண்ணாடிக்காரர் சொன்னார்.

"புதுசு வரவழைக்கணும்னு நானும் சொன்னேன் தரகரம்மா. 'அது இல்லாமலும் ஓடும், வேலையப் பாருங்க'ன்னுட்டாரு. அவரு சொன்னா அதுக்கு மேல பேச்சு ஏது?"

பாப்பா அண்ணனின் அறைக்கு ஓடினாள். சொல்லத்தான் ஓடினாள், என் தங்கங்களா, நல்லபடியாகச் சொல்லத்தான். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெளியாட்கள் இரண்டு பேர். அண்ணன் அவர்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"என் தங்கச்சி ஒரு கலவை பண்ணினா பாருங்க, சுவத்துக்கு அடிச்சா ஜம்முன்னு இருக்கும். கூடப் பொறந்ததாச்சே, வெளிய அனுப்பவா முடியும்? வில்லை கழுவ வச்சிருக்கேன்."

அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது. கதவைத் தட்டத் தூக்கிய கையை இறக்கினாள். திரும்பி நடந்தாள். நடக்கும்போதே அவள் மனதில் அடுத்த கலவை முழுசாக உருவாகிவிட்டது.

விளக்கு அடிச்சிவப்பை வாரி இறைக்கிறதா? அப்படியானால் அடிச்சிவப்பை மட்டுமே பிரியமாகத் தின்கிற ஒரு ஜோடி. சூரியனுக்காக இல்லை. அந்த விளக்குக்காகவே.

அவள் வேலை செய்த விதத்தைப் பார்த்திருந்தால் தவம் என்று நினைத்திருப்பீர்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் வெளிச்சத்தை உறிஞ்சுகிறது என்ற வளைகோட்டையும், விளக்கின் வளைகோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். விளக்கு எங்கே எகிறுகிறதோ அங்கே கலவை வாயைத் திறக்க வேண்டும். கலப்பு விகிதத்தை மாற்றினாள், கரைப்பானை மாற்றினாள், சூடு காட்டிப் பார்த்தாள். கடைசியில் வந்தது பார்வைக்கு ஒன்றுமில்லாத வெளிறிய சாம்பல் நிறம். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தொடாமல் விட்டுவிடுகிற பொருளுக்கு வேறு என்ன நிறம் வரும்?

அண்ணி அதை அளந்துவிட்டு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"பாப்பா, இங்க வா! மூணு தடவை பார்த்துட்டேன். இப்படி ஒரு எண் இந்தக் கூடத்துல வந்ததே இல்ல!"

"அப்படியா அண்ணி?"

"என்னடி அப்படியான்னு கேக்குற? குதிக்க வேண்டாமா நீ?"

சாயங்காலத்துக்குள் அண்ணன் வாயில் அது "நம்ம கலவை" ஆனது. வாரக் கடைசியில் "என் கலவை" ஆனது. அண்ணன் படம் போட்டுப் பத்திரிகையில் வந்தது. பாப்பா வில்லை கழுவிக்கொண்டே அதைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஒரு குளிர்ந்த சுகம். தூண்டிலை விழுங்கிய மீன் தான் விழுங்கியதைப் பற்றிப் பெருமை பேசுவதைப் பார்க்கிற சுகம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவள் அதை அனுபவித்தாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அண்ணி. எண் வந்த நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. விளக்கறையைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். ஒருநாள் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு பாப்பாவிடம் வந்தாள்.

"நீ ஒண்ணு பார்த்துச் சொல்லு. இதே மாதிரி சில்லு ஒரு படத்துல பார்த்தேன். அதுக்கு மேல பச்சையா ஏதோ மூடி இருந்துச்சு. நம்மளுதுல இல்லையே. விளக்கு சரியாத்தானே இருக்கு?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். ஊதாவுக்கும் அன்றே நியாயம் கிடைத்திருக்கும். ஆனால் சொன்னால் சாம்பல் சாயம் வெளுத்துவிடும், அண்ணன் தப்பித்துவிடுவார். பாப்பா வில்லையைத் துணியில் ஒற்றினாள்.

"சரியாத்தான் இருக்கும் அண்ணி. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்."

"நீ சொன்னாச் சரி," என்று அண்ணி நிம்மதியாகப் போனாள்.

அப்புறம் கூடாரக்காரம்மா வந்தாள். பெரிய பெரிய கூடாரங்கள் தைத்து விற்கிற தொழில் அவளுக்கு. கூடாரத் துணியின் மேலேயே இந்த ஏட்டை ஒட்டி, உள்ளே விளக்கும் விசிறியும் ஓட்ட வேண்டும் என்று ஆசை. பத்திரிகை பார்த்து வந்திருந்தாள். குட்டையான ஆள், குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு இருந்தது.

அண்ணன் விளக்கறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அண்ணி அளந்தாள். எண் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் கூடாரக்காரம்மா. "இப்ப இதை மாடிக்கு எடுத்துட்டு வாங்க."

"மாடிக்கா? எதுக்கும்மா?"

"என் கூடாரம் வெயில்லதானே நிக்குது? பொட்டிக்குள்ளயா நிக்குது?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "தாராளமா வாங்க! சூரியனும் ஒரு தடவை பார்க்கட்டும் என் கலவைய."

அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. உச்சிவெயில் தளத்தைச் சுட்டது. கண்ணாடிக்காரர் மேசையைத் தூக்கி வந்தார். அண்ணி வில்லையையும் சில்லையையும் வெயிலுக்கு நேராகச் சாய்த்து வைத்தாள். பாப்பா தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றாள்.

சில்லு ஒரு சூரியன் என்று காட்டியது. வில்லை காட்டியதை அண்ணி உடனே வாசிக்கவில்லை. வயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"சொல்லு, ஏன் நிக்குறே?" என்றார் அண்ணன்.

"கம்மியா இருக்குங்க."

"எவ்வளவு கம்மி?"

"மூணுல ஒரு பங்கு காணோம்."

"வயரு சரியா மாட்டல. தள்ளு." அவரே மாட்டினார். அதே எண். கைக்குட்டையால் வில்லையைத் துடைத்தார். அதே எண். வேறு வில்லையை வைத்தார். இன்னும் கொஞ்சம் கீழே போனது. வானத்தை அண்ணாந்து மேகம் தேடினார். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை சட்டைக் காலரை நனைத்தது. பாப்பா அந்த ஒவ்வொரு சொட்டையும் பார்த்தாள்.

கூடாரக்காரம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஏன் சார், அப்ப ஒவ்வொரு கூடாரத்துக்கும் உங்க விளக்கையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போகணுமா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். சுவருக்கு அடிக்கலாம் என்றபோது சிரித்தார்களே, அதே சிரிப்பு. பாப்பாவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இனித்தது. அத்தோடு கதை முடிந்திருந்தால் நானும் இனிப்பாக முடித்திருப்பேன்.

அண்ணன் திரும்பினார். விரல் நீண்டது. அது பாப்பாவை நோக்கி நீளவில்லை.

"அளந்தது இவ. விளக்கு இவ பொறுப்பு. நான் வர்ற எண்ணைத்தானே நம்ப முடியும்? பொண்டாட்டின்னு இடம் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். ஒழுங்கா அளக்கத் தெரியாம என் மானத்தை வாங்கிட்டா."

அண்ணியின் முகத்தில் ரத்தம் வற்றியது. எங்கே பிசகினோம் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள் போல உதடு மட்டும் அசைந்தது. எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது.

பாப்பா நிழலை விட்டு வெளியே வந்தாள்.

"அண்ணி மேல தப்பில்லை. அளவுச்சில்லுக்கு மூடி இல்லை. உடைஞ்சதைத் தூக்கிப் போட்டுட்டு, இல்லாமலே ஓட்டச் சொன்னது அண்ணா. கண்ணாடிக்காரரைக் கேளுங்க. அந்த விளக்குல அடிச்சிவப்பு ஜாஸ்தி. அதுக்கு ஏத்த மாதிரி இந்தச் சாம்பலைக் கலந்தது நான். அவரு இல்ல, நான்."

கூடாரக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்மா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"அவரு இது யாரோடதுன்னு சொல்லியிருந்தா, நானும் இது என்னன்னு சொல்லியிருப்பேன்."

பேச்சே பிழைப்பாக இருந்த அண்ணனின் வாய் திறந்து திறந்து மூடியது. அந்தக் காட்சியைப் பாப்பா ஆசைதீரப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டுத்தான் அண்ணியின் பக்கம் திரும்பினாள். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நீட்டிய புருஷனை அவள் அப்படிப் பார்க்கவில்லை.

மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து விசாரித்தார்கள். அண்ணனைத் தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். பத்திரிகையில் மறுப்பு வந்தது. அதற்குப் படம் போடவில்லை. தெரிந்தே மறைத்தாள் என்று பாப்பாவையும் வெளியே அனுப்பினார்கள். அவள் வாதாடவில்லை. அண்ணியை மட்டும் இருக்கச் சொன்னார்கள். புது மூடி வந்தது, விளக்கு திருந்தியது.

வெளியே வரும் முன் பாப்பா ஒரே ஒரு காரியம் செய்தாள். குப்பியின் அடியில் ஒட்டியிருந்ததை எல்லாம் வழித்து, கடைசியாக இரண்டு ஊதா வில்லைகள் செய்தாள். காற்றுப் படாமல் மூடி, கண்ணாடிக்காரர் கையில் அண்ணிக்குக் கொடுத்தனுப்பினாள். இனி அந்தப் பொருள் அவளிடம் இல்லை. காய்ச்ச இடமும் இல்லை. அந்த இரண்டு வில்லைகளும் திருந்திய விளக்கின் அடியில் என்ன சொல்கின்றன என்பதுதான் அவளுக்கு இனி உலகத்தில் மிச்சம்.

அவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் பாப்பா. வில்லைகள் போன அன்று அண்ணி வேலை முடிந்து வந்ததும் பாப்பா இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள். அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நடுங்கவில்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவு.

"வில்லை வந்துச்சா அண்ணி?"

"வந்துச்சு."

"அளந்தீங்களா?"

"அளந்தேன். மூணு தடவை."

"எவ்வளவு வந்துச்சு?"

அண்ணி அடுத்த காயை எடுத்தாள்.

"அண்ணி, உங்களைத்தான்."

"காதுல விழுது." நறுக்கியதைப் பாத்திரத்தில் தள்ளினாள். "விளக்குப் பக்கம் போகும்போதெல்லாம் நான் உன்னைத்தான் நினைச்சுப்பேன் பாப்பா. அவரு என்னைக் காட்டிக்குடுத்தாரு. அவரு குணம் எனக்குப் பழகிப்போச்சு. ஆனா என் கை தப்பாப் போறதை வாராவாரம் பக்கத்துல நின்னு பார்த்தவ நீ. உன்னை நம்பி வாய்விட்டுக் கேட்டேன். என் கையையும் சேர்த்துத்தானே தூண்டில்ல கோத்தே?"

"கடைசியில நான்தானே வந்து சொன்னேன்?"

"சொன்னே. உன் வேலை முடிஞ்சப்புறம் சொன்னே."

பாப்பா வாசலைத் தாண்டி உள்ளே ஓரடி வைத்தாள். "எண்ணை மட்டும் சொல்லிடுங்க அண்ணி, அப்புறம் என்னை என்ன வேணா திட்டுங்க," என்றாள். குரல் கெஞ்சியது.

"எதுக்குத் திட்டணும்? எண்ணை உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவருகிட்ட மட்டும்தான். ரெண்டு வில்லையும் அவரு மேசை டிராயர்லதான் இருக்கு. வேணும்னா அவரு வாயாலயே கேட்டுக்கோ."

வீட்டு முன்னறையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஆய்வுக்கூடத்து மொட்டைமாடியில் வெயிலில் நின்ற நாளுக்குப் பிறகு அவரும் பாப்பாவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சமையலறையில் பேசியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, வாசல் பக்கம் பார்த்துக் காத்திருந்தார். அவருக்கு அவசரமே இல்லை.

பாப்பா அந்த வாசல் வரைக்கும் போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் புருவத்தை லேசாக உயர்த்தினார், கேளேன் என்பது போல.

எண் நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தில் ஒரு கோடாவது தெரிகிறதா என்று அவள் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. நிலையை விட்டாள். கேட்காமலே படியேறி மேலே போனாள்.

அண்ணி நறுக்கியதை அடுப்பில் போட்டாள்.